கோடிச் சேலையும் நின்றுபோன காரும்

அக்கா இறந்த செய்தி வந்தபோது என் மனைவி கும்பகோணத்தில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தாள். நான் வெளியே பெஞ்சில் பழைய வாரப்பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் செய்தவர் அத்தானின் தம்பி. காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

“நாளைக்குச் சனிக்கிழமை, வெச்சிருக்க முடியாது,” என்றார். “எமகண்டம் முடிஞ்சதும் எடுத்து, வெளக்கு வெக்கிறதுக்குள்ள முடிச்சுடணும்னு பெரியவங்க சொல்றாங்க. பொறந்த வீட்டுக் கோடின்னா நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க. எப்படியாவது வந்துடுங்க.”

சுமங்கலியாகப் போனவளுக்கு எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. உடன்பிறந்தவனின் பெண்டாட்டி அவள் முகத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் பூ வைப்பாள். உடன்பிறந்தவன் சேலையைப் போர்த்துவான். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நானும் என் மனைவியும்தான். எங்களுக்காகக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். இருட்டப் போகிறதென்றால் பங்காளி வீட்டில் யாரையாவது விட்டு ஒரு சேலையைப் போடச் சொல்லித் தூக்கிவிடுவார்கள். அப்படி ஆனால் நான் சுடுகாட்டுக்காவது ஓடிப்போய் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. என் மனைவிக்கு அதோடு சரி.

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அடித்துக்கொள்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்னை அடித்தார்கள். தினமும் மத்தியானம் சோறு வடித்த கையோடு ஃபோனை எடுத்தால் என் கோபம், என் கஞ்சத்தனம், என் குறட்டை என்று ஒன்று விடாமல் குருமாபோல் கொதிக்கும். அப்படிப்பட்டவள் அழவில்லை. கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததையும் மீறி, “அண்ணி முகத்த நான் பாக்கணும்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நேராக ஜவுளிக்கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்தாள். மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் அவளே பார்த்து வாங்கினாள். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது கையாக என்னிடம் வந்த சின்ன வெள்ளைக் கார் அது. எனக்கும் அதற்கும் நல்ல ஒற்றுமை, இரண்டும் காலையில் இருமும். எங்கள் காரைக்கால்காரர்களுக்கென்று ஒரு புத்தி உண்டு. பெட்ரோல் எங்கள் பக்கத்தில் விலை குறைவு, எல்லையைத் தாண்டினால் அதிகம். அதனால் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் செத்தாலும் பெட்ரோல் போட மாட்டோம். போய்வர மட்டும் கணக்குப் பண்ணிக்கொண்டு கிளம்புவோம். முள் சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தாலும், மஞ்சள் விளக்கு எரிந்தாலும், “எல்லை தாண்டிப் போட்டுக்கலாம்” என்று உருட்டிக்கொண்டே வருவோம். இதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. துளிகூட மிச்சமில்லாமல் எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் வந்து நிற்பவனை நாங்கள் கெட்டிக்காரன் என்போம். வாங்கிய நாளிலிருந்து நான் அந்தக் காரை அப்படித்தான் ஓட்டினேன்.

அன்றைக்கும் அப்படித்தான். குடவாசலில் ஒரு பங்கு வந்தது. மனைவி கையைக் காட்டினாள். நான் நிறுத்தவில்லை. பேரளம் தாண்டியதும் கார் இரண்டு தடவை விக்கியது. கவனிக்காதது போல் ஓட்டிக்கொண்டே போனேன். எல்லையைத் தாண்டியதும் முதலில் ஒரு பிராந்திக்கடை, அதற்கடுத்து ஒரு பெட்ரோல் பங்கு. உள்ளே விட்டு, வண்டியை அணைத்து, டேங்கை நிரப்பச் சொன்னேன். இனிமேல் அக்கா வீடு இருக்கிற குரும்பகரம் வரைக்கும் ஒரே மிதி என்று நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

செல்ஃப் அடித்தது. நன்றாகவே அடித்தது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

மறுபடி திருப்பினேன். கர் கர் என்று சுற்றுகிறதே தவிர பற்றிக்கொள்ளவில்லை. பின்னால் கேனும் கையுமாக நின்ற பைக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். பங்கில் வேலை பார்க்கிற தம்பியும் நானும் காரைத் தள்ளி ஓரமாக, காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விட்டோம். பானெட்டைத் திறந்தேன். திறந்துவிட்டால் மட்டும் என்ன தெரியப் போகிறது? பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்த்தேன். ப்ளக் ஒயரை அழுத்திப் பார்த்தேன். செல்ஃப் இவ்வளவு ஜோராக அடிக்கிறபோது பேட்டரியில் குறையில்லை என்பதுகூட அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

“எங்க போறீங்கண்ணே?” என்றார் பங்குத் தம்பி.

“குரும்பகரம். சாவு.”

அவர் என் மனைவி மடியில் இருந்த பையைப் பார்த்தார். பூவும் சேலையும் மேலாகத் தெரிந்தன. “அப்ப என் பைக்க எடுத்துட்டுப் போங்கண்ணே. வண்டி இங்க நிக்கட்டும், நான் பாத்துக்குறேன்.”

“ரெண்டு நிமிஷந்தான் தம்பி, கெளம்பிடும்,” என்றேன்.

மனைவி காரிலிருந்து இறங்கி வந்தாள். கன்னம் வீங்கி, பேச்சு பல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வந்தது. “ஏங்க, அவர்தான் குடுக்கிறாருல்ல. பைக்ல போயிடலாம்.”

“பல்லு புடுங்கின வாயோட நீ பேசாம உக்காரு,” என்று எரிந்து விழுந்தேன். என்னுடைய மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன்.

அவர் பட்டினத்தில், அதாவது திருமலைராயன்பட்டினத்தில், பட்டறை வைத்திருக்கிறவர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் அவர் பில்லைத் திட்டுவேன், அவர் என் ஓட்டும் லட்சணத்தைத் திட்டுவார். விஷயத்தைச் சொன்னதும் கிண்டலை விட்டுவிட்டார். “சாவிய ஆன் மட்டும் பண்ணுங்க சார். செல்ஃப் அடிக்காதீங்க. பின்சீட்டுக்கு அடியில உய்ங்னு ஒரு சத்தம் வரணும். வருதா?”

நான் சாவியைத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பிராந்திக்கடைப் பக்கத்தில் யாரோ காறித் துப்பினார்கள். வேறு சத்தமே இல்லை.

“வரல.”

“பெட்ரோல் பம்ப் ஓடல. ஃப்யூஸ் பாருங்க.”

பார்த்தேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஹாரனுக்கு ஒரு ரிலே இருக்கும், பம்புக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கும், அதை இதில் மாற்றிப் போடுங்கள் என்றார். சின்னக் கறுப்புப் பெட்டி மாதிரி இருந்ததைப் பிடுங்குவதற்குள் நகம் பிய்ந்தது. மாற்றிப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். அப்போதும் சத்தமில்லை.

“அப்ப பம்ப்தான் சார் ஜாம் ஆயிருக்கு. அது டேங்குக்குள்ள பெட்ரோல்ல முழுகியிருந்தாத்தான் சூடாகாம ஓடும். நீங்க எப்பவும் அடி வண்டல்லயே ஓட்டுனா அது என்ன செய்யும்? எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

“பாடத்த அப்பறம் நடத்துங்க. இப்ப என்ன செய்யறது?”

“ஒருத்தர விட்டு டேங்குக்கு அடியில கட்டையால தட்டச் சொல்லுங்க. இரும்பு வேணாம். தட்டத் தட்ட நீங்க செல்ஃப் அடிங்க. ஓடினா அணைக்காதீங்க. நேரா வீட்டுல போயி நில்லுங்க. அணைச்சா மறுபடி ஓடும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்.”

ஃபோனை வைத்த மறு நொடியே அத்தானின் தம்பி கூப்பிட்டார். பின்னால் பறைச் சத்தம் கேட்டது. “எங்க வந்துக்கிட்டிருக்கீங்க? எமகண்டம் முடிஞ்சிடுச்சு. குளிப்பாட்டியாச்சு. எல்லாரும் உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. வண்டி கிண்டி அனுப்பவா?”

“வேணாம், வேணாம். தோ வந்துட்டோம். பத்தே நிமிஷம்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வண்டி நின்றுவிட்டது, ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தால் யாராவது காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்திருப்பார்கள். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள்.

அந்த நேரத்தில் பிராந்திக்கடையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். என்னைவிட மூத்தவர். தலையில் துண்டை முண்டாசு கட்டியிருந்தார். நடை கொஞ்சம் ஆடியது. “தள்ளிப் பாத்தீங்களா?” என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. நாலு கேள்வி கேட்டு விரட்டலாம் என்று திரும்பினேன். அதற்குள் பங்குத் தம்பி அவரிடம், “சாவுக்குப் போறாங்க பெரியவரே, அவருக்குக் கூடப்பொறந்த அக்கா,” என்றார். உடனே அவர் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “கட்டைய குடுங்க, நான் தட்டுறேன்,” என்று சொல்லி, சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுத்து, காருக்கு அடியில் நகர்ந்து போய்விட்டார். தெளிவாக இருக்கிற எவனும் அந்தச் சூட்டில் அப்படிப் படுத்திருக்க மாட்டான்.

மனைவி வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் டொக், டொக் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. நான் செல்ஃப் அடித்தேன். ஆகவில்லை. “இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளித் தட்டுங்க,” என்று பங்குத் தம்பி குனிந்து சொன்னார். மறுபடி டொக், டொக். மறுபடி அடித்தேன். திடீரென்று பின்சீட்டுக்கு அடியில் அந்த உய்ங் சத்தம் வந்தது. கார் உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆயிற்று.

பெரியவர் கீழேயிருந்து வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். பங்குத் தம்பி, “கெளம்புங்கண்ணே, கெளம்புங்க,” என்று சாலைப் பக்கம் கையைக் காட்டினார். மனைவி, “போங்க,” என்றாள்.

நான் கியரைப் போடவில்லை. இனி ஒன்றும் பாக்கியில்லை, வண்டி ஓடுகிறது, சாலை காலியாகக் கிடக்கிறது. போனால் அந்த வாசல். போனால் மூக்கில் பஞ்சோடு அக்கா படுத்திருப்பாள். என் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டது.

பெரியவர், “ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்டார். “தெரியாம கை பட்டுடுச்சு,” என்றேன். மறுபடி செல்ஃப் அடித்தேன். சுற்றியது, ஆகவில்லை. அவர் பாவம், மறுபடி படுத்து அடியில் போய்த் தட்டினார். ஆகவில்லை. நான் கீழே இறங்கி பானெட்டைத் திறந்து, மாற்றிப் போட்ட ரிலேயைப் பிடுங்கி மறுபடி பழைய இடத்தில் போட்டேன். எதற்கு? எனக்கே தெரியாது. ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்யூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சட்டையெல்லாம் கரியாகிவிட்டது. வெயில் மஞ்சளடிக்க ஆரம்பித்திருந்தது.

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். வாயிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள். “இந்த வண்டி கெளம்பாம கெடந்தா அண்ணி பொழச்சு வந்துடுவாங்களா?”

நான் பானெட்டுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்களாத்தான் அணைச்சீங்க. நான் பாத்தேன். பயமாருக்குன்னா பயமாருக்குன்னு சொல்லுங்க. எனக்குந்தான் பயமாருக்கு. ஆனா எனக்கு அவங்க முகத்தப் பாக்கணும். என்னையக் கொண்டு போயி விடுங்க.”

உண்மைதான். எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது ஆள், ஊரில் எத்தனையோ சாவுக்கு முன்னால் நின்று காரியம் பார்த்தவன், அக்காவைப் பிணமாகப் பார்க்கப் பயந்தேன். பானெட்டைச் சாத்தினேன். பங்குத் தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினேன். அவர் பைக் சாவியை வைத்தார்.

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. மனைவி பின்னால் ஒரு கையால் பையை மடியில் இறுக்கி, மறு கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். “பாத்துப் போங்க” என்று எப்போதும் நச்சரிக்கிறவள் அன்றைக்கு வேகமாகப் போங்க, வேகமாகப் போங்க என்றாள். குரும்பகரம் முனையில் திரும்பும்போதே பறைச் சத்தம் காதை அடைத்தது. சத்தம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை, நகர்ந்துகொண்டிருந்தது. அது நகர்வதைக் கேட்டதும் அவள் கை என் தோளிலிருந்து நழுவியது.

எடுத்துவிட்டார்கள். தெருவில் பூ சிதறிக் கிடந்தது. அக்கா மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் வந்துகொண்டிருந்தான். பின்னால் பூப்பாடை தோள்மேல் வந்தது. நாலு பக்கமும் தென்னங்கீற்றும் மாலையுமாகக் கட்டியிருந்ததில் அக்கா எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. வாசலை விட்டுத் தூக்கிவிட்டால் சுடுகாட்டு வழியில் அதற்கென்று இருக்கிற இடத்தில்தான் இறக்குவார்கள், நடுத்தெருவில் இறக்குவதில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம்கூட இல்லை. “பத்து நிமிஷம்னு சொன்னியேப்பா,” என்றார். “அவ மேல ஒங்க வீட்டுத் துணி விழுவட்டும்னு எவ்ளோ நேரம் நிறுத்தி வெச்சிருந்தேன்.” பிறகு தூக்கியவர்களிடம், “ஒரு நிமிஷம் நில்லுங்கய்யா,” என்றார். இறக்கச் சொல்ல அவராலும் முடியவில்லை.

நான் சேலையைப் பிரித்து அண்ணாந்து தூக்கிப் போட்டேன். தூக்கியவர்களில் உயரமான ஒருவர் அதை வாங்கி விரித்தார். என் மனைவி குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். குள்ளமானவள். கையை உயர்த்தினால் தொங்குகிற மாலைதான் எட்டியது. “கொஞ்சம் சாய்ங்க, கொஞ்சம் சாய்ங்க,” என்று தூக்கியவர்களைக் கெஞ்சினாள். பறைச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? பாடை நகர்ந்தது. தெருக்கோடி வரை கூடவே ஓடி வந்தாள். அங்கே பெண்கள் நின்றுகொண்டார்கள். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தோள் கொடுக்கப் போய்விட்டேன்.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போடும்போது முகத்துணியை விலக்கினார்கள். நான் பார்த்தேன். எதற்குப் பயந்தேன் என்று புரியவில்லை. அக்காதான் படுத்திருந்தாள், வேறு யாரும் இல்லை. நான் ஏதாவது சொன்னால் மறுத்துப் பேச வாயெடுப்பாளே, அதேபோல் உதடு கொஞ்சம் பிரிந்திருந்தது. என் மனைவிக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே என்று ஒன்று விடாமல் பார்த்தேன்.

தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது என் மனைவி கொல்லைக் குழாயடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் குங்குமம் ஒட்டி, தண்ணீர் பட்டு வழிந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்றாள்.

“பாத்தேன்.”

“எப்படி இருந்தாங்க?”

சொன்னேன். உதடு பிரிந்திருந்ததைச் சொன்னேன். மூக்குத்தியைக் கழற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். முகத்தில் வலித்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“பொட்டு யாரு வெச்சாங்களாம்?”

“அக்காவோட ஓரகத்தி வெச்சாங்களாம்.”

“நேரா வெச்சிருந்தாங்களா?”

அத்தானின் தம்பியிடம் சொன்ன மாதிரி இவளிடமும் ஏதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வாய் வரவில்லை.

“கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அதைக் கேட்டதும் குழாயடியிலேயே சரிந்து அழுதாள். “நான் வெச்சிருப்பேனே, நான் நேரா வெச்சிருப்பேனே,” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏன் அணைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.